முதலிடம் யாருக்கு?

மறைக்கல்வி வகுப்பில், "உன் வாழ்க்கையில் முதலிடம் யாருக்கு?" என்று ஒரு கேள்வி கொடுத்துப் பாருங்கள். ஐம்பது நோட்டுகளிலும் ஒரே விடைதான் இருக்கும்: "கடவுளுக்கு." விடை சரிதான், மதிப்பெண்ணும் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதை எழுத எந்த மாணவிக்கும் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கேதான் நமக்குச் சந்தேகம் வர வேண்டும்.

விளையாட்டு விழாவில் ஒருத்தி மட்டும் தனியாக ஓடினால் அவளுக்கு யாரும் முதல் பரிசு கொடுப்பதில்லை. கூட ஓட வேறு சிலரும் வேண்டும். அதுபோல, கடவுளுக்கு முதலிடம் கொடுக்கிறோமா இல்லையா என்பது கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போது தெரியாது. அங்கே அவரோடு போட்டிக்கு யாருமில்லை. கடையில், அடுப்படியில், பரீட்சை நேரத்தில், சம்பளம் கொடுக்கிற நாளில், நோயாளியின் கட்டிலருகில்தான் அது தெரியும். மலைப்பொழிவில் ஆண்டவர் முதலாவதாகத் தேட வேண்டியது எது என்று சொன்ன இடத்தைப் பாருங்கள். உண்பதைப் பற்றியும் உடுப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொல்கிறார் (மத்தேயு, 6-ஆம் அதிகாரம்). சோறும் துணியும் பற்றிய கவலைக்கு நடுவிலேதான் அந்தப் போதனை வருகிறது.

இதைப் பாடமாகச் சொல்வதைவிட ஒரு குடும்பத்தைக் காட்டுவது எளிது. நம் எல்லோருக்கும் தெரிந்த குடும்பம்தான். சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் படம் இல்லாத கன்னியர் மடம் நம் நாட்டில் அபூர்வம். அவர் கையிலுள்ள ரோசாப் பூக்களை நாம் அறிவோம். அவரை வளர்த்த தாய் தந்தையரைப் பற்றி அவ்வளவாக அறியோம். லூயி மார்ட்டின், செலி மார்ட்டின் என்ற அந்தத் தம்பதியருக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18-ஆம் நாள் புனிதர் பட்டம் வழங்கினார். கணவனும் மனைவியுமாக ஒன்றாய்ப் புனிதர் பட்டம் பெற்ற முதல் தம்பதியர் இவர்களே. மகளின் பெருமையால் பெற்றோருக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் வரலாற்றைப் படித்தால், மகள் எங்கே கற்றாள் என்பது விளங்கும். பிற சமயத்தைச் சேர்ந்த நம் மாணவியரும் இதைப் படிக்கலாம். கடையும் கூலியும் பிள்ளை வளர்ப்பும் எல்லா வீட்டுக்கும் பொதுவானவைதாமே.

முதலில் ஒரு வேடிக்கை. இருவருமே துறவறம் போக விரும்பியவர்கள். இருவரையுமே மடங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. லூயி 1845-இல் ஆல்ப்ஸ் மலையிலுள்ள புனித பெர்னார்து மடத்தின் கதவைத் தட்டினார். இலத்தீன் கற்று வா என்று அனுப்பிவிட்டார்கள். கற்கத் தொடங்கினார், உடல்நலம் கெட்டது, விட்டுவிட்டார். செலியும் ஒரு கன்னியர் மடத்தில் கேட்டுப் பார்த்தார்; உனக்கு இது கடவுளின் சித்தமல்ல என்று தலைவி அம்மாள் சொல்லிவிட்டார். லூயி கடிகாரத் தொழில் கற்று, பிரான்சு நாட்டின் அலன்சோன் என்ற ஊரில் கடை வைத்தார். செலி அதே ஊரில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டார். 1858 ஜூலை 13-ஆம் நாள் நள்ளிரவில், ஆரவாரமில்லாமல் அவர்கள் திருமணம் நடந்தது. லூயிக்கு அப்போது 34 வயது, செலிக்கு 26.

லூயியின் கடையில் கடிகாரங்களோடு நகைகளும் விற்பனைக்கு இருந்தன. சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் பட்டணத்துக்கு வந்து கலியாணத்துக்கு மோதிரமோ சங்கிலியோ வாங்குவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்றக் கடைகள் திறந்திருந்தன. லூயி மட்டும் அன்று கடையை மூடினார். வருகிற வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நண்பர்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்கள்: முன்வாசல் மூடியே இருக்கட்டும்; பக்கவாசலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் கட்டளையை மீறியதாகவும் இருக்காது, வியாபாரமும் கெடாது. லூயி அதற்கும் இணங்கவில்லை.

இந்தப் பக்கவாசலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடவுள் வேண்டாம் என்று முன்வாசலைத் திறந்து வைப்பவர் நம்மிடையே அதிகமில்லை. நாமெல்லாம் பக்கவாசல்காரர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஞாயிறு காலையில்தான் டியூஷன் என்கிறார் ஆசிரியர். "இந்த ஒரு வருஷம் மட்டும்" என்கிறோம். டியூஷனுக்குப் போவது பாவமென்று சொல்ல வரவில்லை. பல பங்குகளில் சனி மாலைத் திருப்பலி இருக்கிறது, அதில் பங்கு பெற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறுகிறது. நான் கேட்பது வேறு. அந்த ஆசிரியரிடம், "சார், வேறு நேரம் உண்டா?" என்று ஒரு முறையாவது கேட்டோமா? பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் கேட்கிறோம். அத்தை மகள் நிச்சயதார்த்தம் என்றால் கேட்கிறோம். திருப்பலிக்காகக் கேட்க மட்டும் நமக்கு ஏனோ கூச்சமாயிருக்கிறது. வகுப்பின் நேரம் மாறாமலே போகலாம். ஆனால் கேட்கிற அம்மாவின் குரலிலிருந்து மகள் ஒன்றைக் கற்றுக்கொள்வாள். கேட்காத அம்மாவின் மௌனத்திலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்வாள்.

இனி செலியின் தொழிலைப் பார்ப்போம். அலன்சோன் லேஸ் ஊசியாலும் நூலாலும் மட்டுமே செய்யப்படுவது. ஒரு சதுர செண்டிமீட்டர் முடிக்கச் சுமார் ஏழு மணி நேரம் பிடிக்கும். 2010-இல் இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ நிறுவனம் உலகின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நம் குமரி மாவட்டத்து முளகுமூட்டில், சிறுமலர் இறந்த அதே 1897-இல் வந்திறங்கிய பெல்ஜிய நாட்டுக் கன்னியர் ஏழைப் பெண்களுக்கு லேஸ் கற்றுக் கொடுத்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த வேலை கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன செய்யும் என்பதைப் பின்னியவர்களைத்தான் கேட்க வேண்டும். செலி சொந்தமாகத் தொழில் நடத்தினார். வேலைக்காரப் பெண்கள் அவரவர் வீட்டில் சிறு துண்டுகளாகப் பின்னி, வியாழக்கிழமைகளில் கொண்டுவருவார்கள். அத்துண்டுகளைத் தையல் தெரியாமல் இணைப்பது செலியின் பங்கு. எல்லாவற்றிலும் கடினமான வேலை அதுதான். தொழில் பெருகவே, 1870-இல் லூயி தம் கடிகாரக் கடையைத் தம் சகோதரி மகனுக்கு விற்றுவிட்டு, மனைவியின் வியாபாரத்துக்குக் கணக்கெழுதவும், ஆர்டர் பிடிக்கப் பாரிஸ் போகவும் முன்வந்தார். மனைவியின் தொழிலுக்குத் துணையாகத் தம் கடையை விடுவதற்கு இன்றும் எத்தனை கணவன்மார் சம்மதிப்பார்கள்? (தந்தையர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகாதிருப்பார்களாக.)

இருவரும் அதிகாலை ஐந்தரை மணித் திருப்பலிக்குப் போவார்கள். கூலிவேலை செய்வோர் வருகிற பூசை அது. அதைவிட என் மனத்தில் நிற்பது கூலி விஷயம். வேலைக்குரிய பணத்தை நிலுவை வைக்காமல் உடனே கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். கடைக்காரருக்குப் பாக்கி வைப்பதும் கிடையாது. பின்னுகிற பெண்களில் யாருக்காவது நோய் என்றால் செலி அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். வேலையாட்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்துவைத்தால் அது கூக்குரலிடும் என்று புனித யாகப்பர் தம் நிருபத்தில் எச்சரிக்கிறார் அல்லவா? நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு ஐந்தாம் தேதி சம்பளம் பத்தாம் தேதி போனால், நாம் செபமாலையில் எத்தனை மணி உருட்டினாலும் அந்த ஐந்து நாள் ஐந்து நாள்தான்.

செலியின் கடிதங்களில் 218 நமக்குக் கிடைத்திருக்கின்றன. மருந்துக்கடை வைத்திருந்த தம்பிக்கும், விடுதியில் படித்த மகள்களுக்கும் எழுதியவை அவற்றில் பல. புனிதவதியின் கடிதங்கள் என்று பயபக்தியோடு பிரித்தால் ஏமாந்து போவோம். பல்வலி, பிள்ளைகளின் காய்ச்சல், வந்து குவிந்த ஆர்டர், இந்த லேஸ் என்னை அடிமையாக்கிவிட்டதே என்ற சலிப்பு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. விசுவாசத்தை முதலில் வைத்தவருக்கு அலுப்பே வராது என்று யாராவது சொன்னால், இக்கடிதங்களைக் காட்டலாம்.

அலுப்பு மட்டுமா? ஒன்பது பிள்ளைகள் பிறந்து நால்வர் இறந்தார்கள். 1867 பிப்ரவரியில் ஐந்து மாத ஆண் குழந்தை. 1868 ஆகஸ்டில் எட்டு மாத ஆண் குழந்தை. அடுத்த மாதமே, வீட்டில் வைத்துப் பராமரித்த தகப்பனார். 1870 பிப்ரவரியில் ஐந்து வயது எலேன். அதே ஆண்டு அக்டோபரில், பிறந்து இரண்டு மாதமேயான இன்னொரு பெண் குழந்தை. நான்கு வருடத்துக்குள் நான்கு சிறு பெட்டிகள். அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். இப்படிப் போவதற்கு இந்தப் பிள்ளைகள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்பதும் அந்த ஆறுதல்களில் ஒன்று. நம் ஊர்த் துக்க வீடுகளிலும் கேட்கிற பேச்சுத்தான். செலிக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. என் குழந்தைகளின் நித்திய பேரின்பத்தையும் என் சில நாள் கஷ்டத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா, அவர்களை நான் என்றென்றைக்குமாக இழந்துவிடவில்லையே என்ற கருத்தில் தம் தம்பியின் மனைவிக்கு எழுதினார். அழாமல் எழுதவில்லை; அழுதுகொண்டுதான் எழுதினார். அதன்பின், 1873 ஜனவரி 2-ஆம் நாள், கடைசிக் குழந்தையாகத் தெரேசாள் பிறந்தாள்.

இனி, இக்குடும்பத்தைப் பற்றிப் பேசுவோர் சற்று வேகமாகக் கடந்து போய்விடும் ஒரு பகுதிக்கு வருகிறேன். மூன்றாவது மகள் லெயோனி. அக்காமார் மரியும் பவுலினும் லெ மான் நகரில் விசிட்டேஷன் சபைக் கன்னியரின் விடுதிப் பள்ளியில் நன்றாகப் படித்தார்கள். லெயோனியை அதே பள்ளியில் சேர்த்தபோது இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிப்பு ஏறவில்லை, பிடிவாதம், சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. அந்தப் பள்ளியில் ஆசிரியையாயிருந்த சொந்தப் பெரியம்மா, கன்னியர் மரி தொசித்தே அம்மாளாலும் அவளைத் திருத்த முடியவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒரு லெயோனி இருப்பாள். ஆசிரியர்களாகிய நாம் அவளை அறிவோம்.

வீட்டில் லூயிஸ் என்றொரு வேலைக்காரப் பெண் பல வருடமாக இருந்தாள். உழைப்பாளி, விசுவாசமானவள். பணிப்பெண்களைச் சொந்தப் பிள்ளைகளைப் போல நடத்த வேண்டும் என்பது செலியின் கொள்கை; அப்படியே நடத்தினார். லெயோனி இந்தப் பெண்ணின் சொல்லுக்கு மட்டும் அடங்கினாள். தாய்க்கு அது வியப்பாயிருந்தது, வருத்தமாகவும் இருந்தது. 1877-ஆம் ஆண்டில்தான் மூத்த மகள் மரி உண்மையைக் கண்டுபிடித்தாள். அந்த வேலைக்காரி யாருக்கும் தெரியாமல் சிறுமியை மிரட்டியும் அடித்தும் தன் கைக்குள் வைத்திருந்தாள். வாய் திறந்தால் இன்னும் கிடைக்கும் என்ற பயத்தில் பிள்ளை மூச்சுவிடவில்லை. நாள் தவறாமல் திருப்பலிக்குப் போகிற வீடு. மாலையில் எல்லோரும் கூடிச் செபிக்கிற வீடு. அந்தக் கூரைக்குக் கீழேதான் இது வருடக்கணக்காக நடந்தது.

இதை ஏன் எழுத வேண்டும், நல்ல குடும்பத்தைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். விசுவாசம் முதலில் இருக்கிற வீட்டில் தவறே நடக்காது என்று நம்புவது விசுவாசமல்ல, அசட்டை. செபம் சொல்லுகிற வீட்டிலும் பிள்ளையின் முகம் வாடினால் ஏன் என்று கேட்க வேண்டும். மாணவியரே, உங்களில் யாரையாவது யாராவது மிரட்டி, "வெளியே சொல்லாதே" என்று வைத்திருந்தால், அவர்கள் எவ்வளவு பக்தியுள்ளவர்களாக, எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும் சரி, அம்மாவிடமோ, ஓர் ஆசிரியையிடமோ, சிஸ்டரிடமோ சொல்லிவிடுங்கள். சொல்வது பாவமல்ல. மரி கண்டுபிடித்திராவிட்டால் லெயோனி என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மை தெரிந்தபோது செலிக்கு மார்புப் புற்றுநோய் முற்றியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டதென்று 1876 டிசம்பரிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார். 1877 பிப்ரவரியில் அக்காள் மரி தொசித்தே சாகக் கிடந்தபோது, மோட்சத்துக்குப் போனதும் தேவதாயிடம் லெயோனிக்காகப் பேசு என்று செலி கேட்டுக்கொண்டிருந்தார். சில வாரங்களில் இந்த உண்மை வெளிப்பட்டது. அந்த வேண்டுதலுக்குக் கிடைத்த பதிலாகவே செலி அதை எடுத்துக்கொண்டார். இனி அந்தப் பிள்ளையை ஆள வேண்டாம் என்று வேலைக்காரிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தமக்கு மிச்சமிருந்த மாதங்களை லெயோனிக்குக் கொடுத்தார். முரட்டுப் பிள்ளை தாயை ஒட்டிக்கொண்டாள். பக்கத்தை விட்டு நகரவில்லை. ஊர் மெச்சும் புத்திசாலி மகள்கள் இருக்க, சாகப்போகிற தாய் தம் நேரத்தை யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஜூன் மாதம் மூன்று மகள்களோடு லூர்து நகருக்குத் திருயாத்திரை போனார். சுகம் கிடைக்கவில்லை. வழியெல்லாம் களைப்பும் சங்கடமுமாக, வலி கூடித்தான் திரும்பினார். 1877 ஆகஸ்ட் 28-ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 45, தெரேசாளுக்கு நாலரை.

லூயி தம் நண்பர்கள், தோட்டம், மீன் பிடிக்கிற ஆறு எல்லாவற்றையும் அலன்சோனில் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மாமாவின் குடும்பம் துணையாயிருக்கட்டும் என்று லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். ஒருமுறை இரயில் நிலையத்தில் காக்காய்வலிப்பு நோயுள்ள ஓர் ஏழை, ஊருக்குப் போகக் காசில்லாமல் தவிப்பதைக் கண்டார். தம் தொப்பியைக் கழற்றி, அதில் முதலில் தாம் பணம் போட்டு, பயணிகளிடம் ஏந்திக்கொண்டு போனார். மதிப்புள்ள வியாபாரி ஒருவர் பொது இடத்தில் தொப்பி ஏந்துவது அந்நாளில் சாதாரணமல்ல.

மகள்கள் ஒவ்வொருவராகக் கன்னியர் மடம் போனார்கள். பெற்றோர் சிலருக்கு இங்கே ஒரு பயம் வரும்: வீட்டில் பக்தி அதிகமானால் பெண்ணைக் கலியாணம் பண்ணிக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ? பயப்பட வேண்டாம். இந்தப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது ஒரு நல்ல இல்லறத்தைத்தான். அழைப்பு என்பது அவரவருக்கு வருவது. மடத்தில் ஏற்றுக்கொள்ளாத இருவரையே கடவுள் இல்லறத்தில் புனிதராக்கினார் என்பதையும் மறக்க வேண்டாம். இன்று அவர்களுக்குத் திருநாள் ஜூலை 12.

தெரேசாள் 1888 ஏப்ரல் 9-ஆம் நாள், 15 வயதில், கார்மேல் மடம் புகுந்தார். அடுத்த ஆண்டே லூயிக்கு மூளை நோய் முற்றியது. கான் நகரிலுள்ள மனநோய் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். செல்ல மகள் போனதால்தான் தகப்பனுக்குப் புத்தி பேதலித்தது என்று ஊரார் பேசியது கார்மேல் மடத்துக்குள்ளும் எட்டியது. தெளிவு வந்த வேளைகளில் பிற நோயாளிகளோடு தமக்கு வந்ததைப் பகிர்ந்துகொண்டு, பணிவாக இருந்தார் அந்த முதியவர். 1892-இல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1894 ஜூலை 29-இல் காலமானார். மனநோய்க்கு இன்றும் நாம் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறோம். பீடத்தில் வைத்து வணங்கப்படுகிற ஒரு புனிதர் அந்த நோயோடு வாழ்ந்தவர் என்பதை, அப்படிப்பட்ட ஒருவர் உள்ள வீட்டாருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

லெயோனி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவளும் கன்னியர் மடம் போக ஆசைப்பட்டாள். மூன்று முறை போனாள். உடலும் மனமும் ஒத்துழைக்காமல் மூன்று முறையும் வீடு திரும்பினாள். அதற்குள் தங்கை தெரேசாள் 24 வயதில் இறந்துவிட்டாள். 1899 ஜனவரியில், தன் 35-ஆம் வயதில், நான்காம் முறையாகக் கான் நகர் விசிட்டேஷன் மடத்துக்குள் போனவள் பிறகு வெளியே வரவில்லை. சிஸ்டர் பிரான்சிஸ் தெரேசாள் என்ற பெயரோடு, பெரிய பொறுப்பு எதுவுமில்லாமல், 42 ஆண்டுகள் அங்கே சிறு சிறு வேலைகள் செய்து, 1941 ஜூனில் கண்ணை மூடினார். அதே சபையின் பள்ளிதான் இருமுறை அவரை வீட்டுக்கு அனுப்பியது. 2015-ஆம் ஆண்டு ஜூலையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான விசாரணையைத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளை படிக்கவில்லையே, சொல் பேச்சுக் கேட்கவில்லையே என்று கலங்குகிற தாய்மார்கள், தூர தேசங்களிலிருந்தும் அவர் கல்லறையைத் தேடி வருகிறார்கள்.